வைகை எக்ஸ்பிரஸில் மூன்று வருடம்: மோஷ் பற்றி ஒரு பயணியின் மதிப்புரை

மாதத்துக்கு இரண்டு தடவையாவது மதுரையிலிருந்து சென்னைக்கு வைகை எக்ஸ்பிரஸில் போகிறவன் நான். காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் எழும்பூர். அதுவரை ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம் என்றால், ஆபீஸில் சர்வர்களைக் கட்டி மேய்ப்பது நான் ஒருவன்தான். ரயிலில் இருக்கிறேன், அப்புறமாக விழு என்று சொன்னால் சர்வர் கேட்கவா போகிறது?

ஆகவே மடியில் லேப்டாப், சட்டைப் பையில் ஹாட்ஸ்பாட் போட்ட போன், டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் எஸ்எஸ்எச், தூரத்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைந்து வேலை பார்க்கும் நிரல். இந்த ஏற்பாட்டின் லட்சணம் இதே பிழைப்பில் இருப்பவர்களுக்குத் தெரியும். திண்டுக்கல் வரை ஒழுங்காக ஓடும். வடமதுரை தாண்டி அய்யலூர் மலையோரம் வந்ததும் கர்சர் உறைந்துவிடும். நாலு எழுத்து அடித்துப் பார்ப்போம், ஒன்றும் வராது. எண்டரைத் தட்டுவோம், அதுவும் இல்லை. மணப்பாறையில் முறுக்குக்காரர் ஏறி, விற்று, இறங்கிப் போன பிறகு, அடித்த நாலு எழுத்தும் எட்டு எண்டரும் மொத்தமாகப் போய் விழும். இல்லையென்றால் ‘ப்ரோக்கன் பைப்’ என்று ஒரே ஒரு வரி வந்து எல்லாம் முடிந்துபோகும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், பழைய டேபிளிலிருந்து புது டேபிளுக்குத் தகவலை மாற்றும் ஸ்கிரிப்ட் ஒன்றை, அவசரத்தில், இணைப்பு அறுந்தாலும் சர்வரில் வேலையை ஓடவைக்கும் டிமக்ஸ்கூடப் போடாமல் நேரடியாக ஓடவிட்டேன். தப்பு என்னுடையதுதான், மறுக்கவில்லை. அரியலூர் தாண்டியதும் இணைப்பு அறுந்தது, அறுந்ததோடு ஸ்கிரிப்டும் பாதியில் செத்தது. விழுப்புரம் வரும்வரை வயிற்றில் புளியைக் கரைத்தது. எவ்வளவு மாறியிருக்கிறது, எவ்வளவு மாறவில்லை என்று எண்ணிச் சரிபார்த்து முடிக்க அன்று இரவு பதினொரு மணி ஆனது. மறுநாள் கூட வேலை பார்க்கும் பையன், “அண்ணே, ட்ரெயின்ல இன்னமும் எஸ்எஸ்எச்சா? மோஷ் போடுங்கண்ணே” என்றான். கொஞ்சம் கிண்டலாகத்தான் சொன்னான். அன்றிலிருந்து மோஷ்தான். மூன்று வருடம் பழகிவிட்டேன், நல்லது கெட்டது இரண்டும் தெரியும், அதனால் இந்த மதிப்புரை.

மோஷ் என்பது ‘மொபைல் ஷெல்’ என்பதன் சுருக்கம், இணைப்பு அறுந்து அறுந்து வந்தாலும் சர்வரில் வேலை பார்க்க எஸ்எஸ்எச்சுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்வது. காசு கிடையாது, ஜிபிஎல் உரிமத்தில் வரும் திறந்த மென்பொருள். எம்ஐடியில் கீத் வின்ஸ்டீனும் ஹரி பாலகிருஷ்ணனும் செய்த ஆராய்ச்சியிலிருந்து 2012-இல் வெளிவந்தது. உபுண்டு, டெபியனில் ஏபிடி வைத்து ஒரே வரியில் நிறுவலாம், மேக்கில் ஹோம்ப்ரூ, ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸுக்குள் கிடைக்கும், ஐபோன் ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு பிளிங்க் என்ற செயலி இருக்கிறது. விண்டோஸ்காரர்கள் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) வழியாக வரலாம். நம் பக்கம், சர்வர் பக்கம் இரண்டிலும் நிறுவ வேண்டும், ஆனால் சர்வரில் ஓடுவதற்கு ரூட் (முழு நிர்வாகி) அனுமதி தேவையில்லை, எந்நேரமும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் டீமனும் கிடையாது. ‘எஸ்எஸ்எச்’ என்று அடிக்கும் இடத்தில் ‘மோஷ்’ என்று அடித்தால் போதும். முதலில் அது எஸ்எஸ்எச் வழியாகவே உள்ளே போகும், அதே பாஸ்வேர்டு, அதே சாவிதான். உள்ளே போய் மோஷ் சர்வரைத் தட்டி எழுப்பி, ஒரு ரகசிய சாவியை வாங்கிக்கொண்டு, எஸ்எஸ்எச்சுக்கு விடை கொடுத்து அனுப்பிவிடும். அதற்குப் பிறகு எல்லாப் பேச்சும் யுடிபி என்ற தகவல் அனுப்பும் முறையில், அந்தச் சாவியால் பூட்டிய 128 பிட் ஏஇஎஸ் குறியாக்கத்தோடு.

யுடிபியா, அது போன பொட்டலம் (தகவலை நறுக்கி அனுப்பும் சிறு துண்டு) போய்ச் சேர்ந்ததா என்று திரும்பிக்கூடப் பார்க்காத சாதி ஆயிற்றே, அதை நம்பியா சர்வருக்குள் நுழைவது என்று நானும் முதலில் நினைத்தேன். மோஷின் அருமையே இங்கேதான் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் எஸ்எஸ்எச் ரயிலில் ஏன் திணறுகிறது என்று பார்த்துவிடலாம்.

எஸ்எஸ்எச் சவாரி செய்வது டிசிபி என்ற இன்னொரு அனுப்பும் முறையின் மேல். டிசிபியை ஏ.டி. கார்டு வைத்த ரிஜிஸ்டர் தபால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பும் ஒவ்வொரு பைட்டுக்கும் வரிசை எண் உண்டு, போய்ச் சேர்ந்ததும் கையெழுத்துப் போட்ட கார்டு திரும்பி வர வேண்டும், கார்டு வராவிட்டால் அதே தபாலை மறுபடி அனுப்பும். எதிர்முனையில் 7-ஆம் தபால் வராமல் 8, 9, 10 வந்து குவிந்தாலும் வீட்டுக்காரர் கையில் கொடுக்க மாட்டார்கள், 7 வரட்டும் என்று காத்திருப்பார்கள். விண்ட் செர்ஃபும் பாப் கானும் 1974-இல் எழுதிய கட்டுரையில் தொடங்கி, 1981-இல் ஆர்எஃப்சி 793 என்ற ஆவணமாக உறுதியான ஏற்பாடு இது. கீழே இருக்கும் கம்பி எவ்வளவு மோசமானாலும் மேலே இருப்பவனுக்கு ஒரு பைட் குறையாமல், வரிசை மாறாமல் கிடைக்கும். இன்றைக்கு நாம் பணம் அனுப்புவதும் படம் பார்ப்பதும் பெரும்பாலும் இதன் புண்ணியத்தில்தான், அதைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை.

சிக்கல் என்னவென்றால், கார்டு வராவிட்டால் எவ்வளவு நேரம் பொறுத்து மறுபடி அனுப்புவது என்ற கேள்வி. முதல் தடவை ஒரு வினாடிக்கும் குறைவு. அதற்கும் பதில் இல்லையென்றால் இரட்டிப்பு, அப்புறம் அதற்கும் இரட்டிப்பு, லினக்ஸில் 120 வினாடி வரை இப்படியே நீளும். இப்போது ரயிலுக்கு வாருங்கள். நாலு நிமிடம் சிக்னல் இல்லை. ஐந்தாவது நிமிடம் போனில் நாலு கோடும் முழுசாக நிற்கிறது, வாட்ஸ்அப்பில் குட்மார்னிங் படமெல்லாம் வந்து விழுகிறது, எஸ்எஸ்எச் மட்டும் அசையாது. ஏனென்றால் அது கடைசியாக முயன்று தோற்று, இன்னும் ஒன்றரை நிமிடம் கழித்து முயலலாம் என்று தூங்கப் போயிருக்கிறது. அது கண் விழிக்கும் நேரம் பார்த்து மறுபடி சிக்னல் போய்விட்டால் தீர்ந்தது. லினக்ஸின் இயல்பு அமைப்பில் 15 தடவை முயன்று, சுமார் கால் மணி நேரம் கழித்துத்தான் கையை விரிக்கும். அதுவரை செத்ததா இருக்கிறதா என்று நமக்கும் தெரியாது.

இந்த ஒதுங்கிப்போகும் குணம் சும்மா வந்ததல்ல, அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே இருந்த இணைப்பு, வினாடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. கிலோபிட் அல்ல, வெறும் 40 பிட். இரண்டுக்கும் தூரம் 400 கஜம்தான், எழுதிக் கையில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் சீக்கிரம் சேர்ந்திருக்கும். எல்லாக் கணினிகளும் பதில் வராத பொட்டலங்களை மறுபடி மறுபடி அனுப்பி, அனுப்பியதாலேயே நெரிசல் கூடி, அதனால் இன்னும் தொலைந்து, வலையே நின்றுவிட்டது. வான் ஜேக்கப்சன் என்பவர் அதை ஆராய்ந்து டிசிபிக்கு நிதானம் கற்றுக்கொடுத்தார்: பொட்டலம் தொலைந்தால் முன்னால் நெரிசல் என்று வைத்துக்கொள், வேகத்தைக் குறை. இணையம் இன்றைக்கும் நிற்காமல் ஓடுவதற்கு அந்த நிதானம் ஒரு முக்கியக் காரணம். ஆனால் அது கம்பிக்கு எழுதிய விதி. அய்யலூரில் என் பொட்டலம் தொலைந்ததற்கு நெரிசல் காரணமல்ல, மலை காரணம். மாடு குறுக்கே வந்ததற்கும் டிராஃபிக் ஜாமுக்கும் வித்தியாசம் தெரியாத டிரைவர் மாதிரி டிசிபி இரண்டுக்கும் பிரேக்கைத்தான் மிதிக்கும்.

இந்த வித்தியாசத்தைத்தான் ஹரி பாலகிருஷ்ணன் தன் பிஎச்டியிலேயே குடைந்தவர். சென்னை ஐஐடியில் 1993-இல் பிடெக், பிறகு அதே பெர்க்லியில் முனைவர் பட்டம். கம்பியில்லா வலைகளில் நம்பகமான தகவல் பரிமாற்றம்தான் பொருள். டவர் பக்கத்திலேயே ஒரு காவல்காரனை நிறுத்தி, வானில் தொலைந்த பொட்டலத்தை அங்கிருந்தே மறுபடி கொடுத்துவிட்டு, தொலைந்த சேதி அனுப்பியவர் காதுக்கே எட்டாமல் பார்த்துக்கொள்ளும் ‘ஸ்னூப்’ என்ற முறை அந்த நாட்களில் அவரும் கூட்டாளிகளும் செய்ததுதான். 2023-இல் தகவல் தொடர்புத் துறைக்கான மார்க்கோனி பரிசு பெற்றார். அவருடைய அப்பாதான் சென்னை ஐஐடியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த வி. பாலகிருஷ்ணன், என்பிடெல் (ஐஐடிகளின் இணையவழிப் பாடம்) வீடியோக்களில் கரும்பலகை முன்னால் நின்று குவாண்டம் இயற்பியல் நடத்துவாரே அவரேதான். இது தெரிந்த அன்று எனக்கு ஏதோ சொந்தக்காரர் செய்த மென்பொருள் மாதிரி ஒரு பெருமை வந்தது. கொஞ்சம் அசட்டுத்தனம்தான், இருக்கட்டும்.

சரி, மோஷ் என்ன செய்கிறது? போன வருடம் வைகையில் எதிர் இருக்கையில் ஒரு பெரியவர், கண் சரியாகத் தெரியாது போல. அரை மணிக்கு ஒரு தடவை, “தம்பி, ஸ்கோர் என்னப்பா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் போனைப் பார்த்து, “142க்கு 4 சார்” என்பேன். அவ்வளவுதான் அவருக்கு வேண்டும். அவர் கேட்காத அரை மணியில் வீசிய ஒவ்வொரு பந்தையும் முதலிலிருந்து வரிசையாக ஒப்பித்துவிட்டுத்தான் ஸ்கோர் சொல்வேன் என்று நான் அடம்பிடித்திருந்தால் அவர் இருக்கை மாறிப் போயிருப்பார். எஸ்எஸ்எச் அப்படித்தான் அடம்பிடிக்கிறது. நடுவில் ஒரு பந்து விட்டுப்போனால் அந்தப் பந்து கிடைக்கும்வரை வாயே திறக்காது. மோஷ் ஸ்கோர் சொல்கிறது. சர்வரிலேயே ஒரு டெர்மினலை வைத்துக்கொண்டு, திரை இப்போது எப்படி இருக்கிறது என்பதை அது கவனிக்கும். உங்களிடம் கடைசியாக இருந்த திரைக்கும் இப்போதைய திரைக்கும் என்ன வித்தியாசமோ அதை மட்டும் அனுப்பும். நடுவில் ஓடிப்போன ஆயிரம் வரி தொலைந்தால் தொலையட்டும், அதை யாரும் படிக்கப்போவதில்லை. அதே சமயம் நீங்கள் அடிக்கும் எழுத்துகளை மட்டும் ஒன்றுகூட விடாது, வரிசை மாறாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஃபைலை அழிக்கும் ஆர்எம் என்ற கட்டளையில் ஓர் எழுத்து தொலைந்தால் என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள். எதைத் தொலைக்கலாம், எதைத் தொலைக்கக் கூடாது என்று டிசிபிக்குத் தெரியாது, அதற்கு எல்லாமே பைட். மோஷுக்குத் தெரியும். நான் காசு கொடுக்காமல் வாங்கிய மென்பொருளிலேயே இந்த ஒரு யோசனைக்காகக் காசு கொடுக்கலாம் என்று தோன்றியது இதுதான்.

பழகும்போது இது எப்படித் தெரியும் என்றால், சிக்னல் போனதும் திரையின் மேல் ஒரு நீலப் பட்டை வரும், கடைசியாகத் தொடர்பு கிடைத்து இத்தனை வினாடி ஆயிற்று என்று எண்ணிக்கொண்டே இருக்கும். 12 வினாடி, 40 வினாடி, 3 நிமிடம். பதறாமல் முறுக்கைக் கடிக்கலாம். ஓய்வாக இருந்தாலும் மூன்று வினாடிக்கு ஒரு தடவை இரு பக்கமும் நாடி பார்த்துக்கொள்ளும் என்பதால், சிக்னல் திரும்பிய நாலைந்து வினாடிக்குள் பட்டை மறைந்து திரை இப்போதைய நிலைக்கு வந்து நிற்கும். டிசிபி மாதிரி நிமிடக்கணக்கில் தூங்கப்போகும் பழக்கம் கிடையாது. தொந்தரவில்லாமல் பட்டை வந்து போவதைப் பார்த்தே எந்த ஊரில் டவர் இல்லை என்று எனக்கு இப்போது மனப்பாடம்.

அப்புறம், நீங்கள் அடிக்கும் எழுத்து. எஸ்எஸ்எச்சில் ‘அ’ என்று அடித்தால் அது சர்வருக்குப் போய், சர்வர் அதைத் திருப்பி அனுப்பிய பிறகுதான் திரையில் தெரியும். மோஷ் அதற்குக் காத்திருக்காது. இந்த எழுத்துதான் வரப்போகிறது என்று ஊகித்து, அடிக்கோடு போட்டு உடனே காட்டிவிடும். சர்வர் ஆமாம் என்றதும் அடிக்கோடு மறையும், இல்லை என்றால் எழுத்தே மறையும். பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் காட்டித் தொலைத்துவிடுமோ என்று பயந்தேன். இல்லை, சர்வர் எழுத்தைத் திருப்பிக் காட்டுகிறது என்று ஒரு தடவை உறுதியான பிறகுதான் ஊகத்தைத் திரையில் விடும். 2012-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், ஆறு பேருடைய 40 மணி நேர நிஜ வேலையைப் பதிவு செய்து 3ஜி இணைப்பில் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். எழுத்து தெரிய ஆகும் இடைநிலை நேரம் எஸ்எஸ்எச்சில் 503 மில்லிவினாடி, மோஷில் 5-க்கும் கீழே. அடித்த எழுத்துகளில் 70 சதவீதத்தை உடனே காட்ட முடிந்ததாம். 29 சதவீதம் பொட்டலம் தொலையும் இணைப்பில் சராசரி நேரம் எஸ்எஸ்எச்சுக்கு 16.8 வினாடி, மோஷுக்கு 0.33. ஆய்வுக்கூட எண்கள்தான், ஆனால் விருத்தாசலம் பக்கம் என் விரலுக்குத் தெரிவதும் ஏறக்குறைய அதுவேதான்.

ஓடும் கட்டளையை நிறுத்தும் கன்ட்ரோல் சி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தெரியாமல் ஒரு பெரிய லாக் ஃபைலைத் திரையில் கொட்டிவிட்டால், எஸ்எஸ்எச்சில் கன்ட்ரோல் சி அடித்தும் அரை நிமிடம் வரி ஓடிக்கொண்டே இருக்கும். சர்வர் நிறுத்திவிட்டது, ஏற்கெனவே டவரின் வரிசையில் நிற்கும் தகவல் வடிந்துகொண்டிருக்கிறது. 4ஜியில் பொட்டலம் அவ்வளவாகத் தொலையாது, டவர் பொறுமையாகப் பிடித்துவைத்து மறுபடி மறுபடி கொடுத்துப் பார்க்கும், அதன் விலைதான் இந்தத் தாமதம். மோஷ் வினாடிக்கு 50 தடவைக்கு மேல் திரையை அனுப்பாது, இணைப்பு மெதுவானால் இன்னும் குறைத்துக்கொள்ளும், வரிசையை நிரப்பவே விடாது. கன்ட்ரோல் சி அடித்தால் அடித்த இடத்தில் நிற்கும்.

இடம் மாறுவது இன்னொரு சுகம். டிசிபி இணைப்பு என்பது இரண்டு பக்க ஐபி முகவரியும் போர்ட் (அந்த முகவரியில் ஒரு வாசல்) எண்ணும் சேர்ந்தது, அதில் ஒன்று மாறினாலும் இணைப்பு செத்தது. மோஷில் சரியான சாவியால் பூட்டிய புதுப் பொட்டலம் எந்த முகவரியிலிருந்து வருகிறதோ அதுதான் நீங்கள் இருக்கும் இடம் என்று சர்வர் எடுத்துக்கொள்ளும். வீட்டு வைஃபையில் தொடங்கி, ஆட்டோவில் போன் ஹாட்ஸ்பாட், ரயிலில் இன்னொரு சிம், எழும்பூரில் இறங்கி ஆபீஸ் வைஃபை, எல்லாவற்றிலும் அதே டெர்மினல். வெள்ளிக்கிழமை லேப்டாப்பை மூடி திங்கட்கிழமை திறந்தாலும் அங்கேயே நிற்கும். முதல் தடவை பார்த்தபோது கூட இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் இதில் என்ன இருக்கிறது என்பதுபோலப் பார்த்தார்.

இனி குறைகள். முதலாவதும் பெரியதும்: மேலே உருட்டிப் பழைய வரிகளைப் பார்க்க முடியாது. திரையில் இப்போது இருப்பதை மட்டும்தான் அது அனுப்புகிறது, ஓடிப்போனது உங்களிடம் வரவே இல்லை, பிறகு எங்கே உருட்டுவது? யோசித்தால் இது மேலே புகழ்ந்த அதே குணத்தின் மறுபக்கம், ஆனால் எர்ரர் நாலு பக்கத்துக்கு ஓடி முதல் வரி வேண்டும் என்று நிற்கும்போது தத்துவம் உதவாது. டிமக்ஸுக்குள் ஓட்டி, அதிலேயே உருட்டிக்கொள்வதுதான் வழி. எப்படியும் டிமக்ஸ் வேண்டும், ஏனென்றால் உங்கள் லேப்டாப் சார்ஜ் தீர்ந்து அணைந்தால் சாவி அதோடு போய்விடும், அந்தச் செஷனுக்குள் மறுபடி நுழைய வழியே கிடையாது. சர்வரில் அது மட்டும் அனாதையாக ஓடிக்கொண்டிருக்கும், அடுத்த தடவை உள்ளே போகும்போது ‘துண்டிக்கப்பட்ட செஷன் ஒன்று இருக்கிறது’ என்று நினைவூட்டும், கையால் கொன்றுவிட வேண்டும். என் சர்வர் ஒன்றில் ஒருநாள் இப்படி பதினோரு அனாதைகள் இருந்தன. இத்தனை நேரம் தொடர்பு இல்லாவிட்டால் தானே செத்துப்போ என்று சர்வர் பக்கம் ஒரு மாறியில் சொல்லிவைக்கலாம், மேனுவலில் இருக்கிறது, படிக்காதது என் தப்பு.

இரண்டாவது, போர்ட். எஸ்எஸ்எச்சுக்கு 22 ஒன்று திறந்தால் போதும். மோஷ் 60000-இலிருந்து 61000 வரை யுடிபி போர்ட்டுகளில் ஒன்றைப் பிடிக்கும். கிளவுட் சர்வரில் அந்த வாசலை நாமே போய்த் திறக்க வேண்டும், பத்துப் போர்ட் திறந்தாலே தாராளம். நான் வேலைக்குப் போகும் இன்னொரு கம்பெனியில் யுடிபி என்றாலே கதவைச் சாத்தும் ஃபயர்வால். அங்கே செக்யூரிட்டி பார்க்கும் சாரிடம் மூன்று தடவை மின்னஞ்சலில் கெஞ்சினேன், “டார்ரன்ட் டவுன்லோடு பண்ணப் போறீங்களா?” என்று கேட்டார். அங்கே இன்னமும் எஸ்எஸ்எச்தான்.

மூன்றாவது, லோகேல், அதாவது சர்வரின் மொழி, எழுத்து அமைப்பு. மோஷுக்கு எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யுடிஎஃப்-8 குறிமுறை இல்லாமல் ஆகாது. புதிதாகப் போட்ட வெறுமையான சர்வரில் நுழைந்தால் யுடிஎஃப்-8 லோகேல் வேண்டும் என்று எர்ரர் அடித்துவிட்டு வெளியே தள்ளும். முதல் நாள் முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில்தான் மோஷ் வேலை செய்யவில்லை என்று விட்டுவிடுவார்கள். சர்வரில் லோகேலை உருவாக்கிவிட்டால் இரண்டு நிமிட வேலை. தமிழில் ஃபைல் பெயர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பெயர் சிதையாமல் போய் வருகிறது, ஆனால் திரையில் கொம்பும் காலும் தனித்தனியாக நின்று வரிசை கோணுவது மோஷின் குற்றமல்ல, பெரும்பாலான டெர்மினல்களுக்கு நம் எழுத்து எத்தனை கட்டம் அகலம் என்றே பிடிபடவில்லை. இன்னொன்று, பழைய முகவரி முறையான ஐபிவி4-இல் தொடங்கிய செஷன் புதிய முறையான ஐபிவி6 மட்டும் இருக்கும் இடத்துக்குத் தாவாது. மெதுவாக வளரும் மென்பொருள் வேறு, 1.4 பதிப்பு 2022-இல் வந்தது, அதற்கு முந்தைய பதிப்புக்கும் அதற்கும் நடுவே ஐந்து வருட இடைவெளி.

போர்ட் ஃபார்வர்டிங் (வேறு நிரல்களின் தகவலை இதே வழியில் கடத்துவது) கிடையாது, ஃபைல் அனுப்பவும் முடியாது. முடியாது என்பதில் நியாயம் இருக்கிறது. ஃபைலுக்கு ஸ்கோர் மட்டும் சொன்னால் போதாது, ஒவ்வொரு பந்தும் வேண்டும். அதற்கு நான் வைத்திருப்பது ஆர்சிங்க், ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கராஸும் 1996-இல் ஆஸ்திரேலியாவில் எழுதியது. ஒருமுறை 14 ஜிபி பேக்கப்பை, எஸ்எஸ்எச் வழியாக ஃபைல் நகலெடுக்கும் எஸ்சிபியில் அனுப்பி, முக்கால்வாசி போனபின் அறுந்து, மறுபடி சைபரிலிருந்து தொடங்கியது. ஆர்சிங்கில் பெரிய ‘பி’ என்ற ஒற்றை எழுத்தைச் சேர்த்தால் பாதி வந்ததை எறியாமல் வைத்திருக்கும், அடுத்த தடவை இருக்கும் துண்டுகளை ஒப்பிட்டு இல்லாததை மட்டும் அனுப்பும், முடிவில் முழு ஃபைலுக்கும் செக்சம் (சரிபார்ப்பு எண்) போட்டு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். இந்தக் கடைசிக் கட்டத்தை நான் வெறும் சம்பிரதாயம் என்று நினைத்திருந்தேன். டிசிபியின் சொந்த செக்சம் 16 பிட்தான், அது கண்டுபிடிக்காமல் விடும் பிழை நிஜமாகவே உண்டு என்று ஸ்டோன், பார்ட்ரிட்ஜ் இருவரும் 2000-இல் வலைகளில் அளந்தே காட்டியிருக்கிறார்கள். வயல், கம்பி, ரூட்டர் எல்லாம் தாண்டி வந்த ஃபைலைக் கடைசி முனையில் ஒருவர் எண்ணிப் பார்ப்பது நல்லதுதான்.

மாற்று வேண்டுமென்றால் எடர்னல் டெர்மினல் என்று ஒன்று இருக்கிறது, டிசிபியிலேயே ஓடி, அறுந்தால் தானே ஒட்டிக்கொள்ளும், மேலே உருட்டவும் முடியும். யுடிபி திறக்காத ஆபீஸ்காரர்களுக்கு அது பரவாயில்லை. ஆனால் எழுத்து ஊகம் இல்லை, அய்யலூரில் அதுவும் கர்சரை உறையவைத்துத்தான் உட்காரும். நல்ல ஃபைபர் இணைப்பில் வீட்டிலேயே உட்கார்ந்து வேலை பார்ப்பவர் என்றால் எதுவுமே வேண்டாம், எஸ்எஸ்எச்சும் டிமக்ஸும் போதும். மோஷ் நகர்கிறவர்களுக்கு, சிக்னலோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு, வெளிநாட்டு சர்வரில் உட்கார்ந்து எழுத்து வருவதற்குள் அடுத்த வரியை மறந்துபோகிறவர்களுக்கு. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அந்த அரையை உருட்ட முடியாததற்காகப் பிடித்துக்கொண்டேன்.

இதை எழுதிக்கொண்டிருப்பதும் வைகையில்தான், பக்கத்து ஜன்னலில் அந்தச் செஷன் திங்கட்கிழமையிலிருந்து திறந்தே கிடக்கிறது. நீலப் பட்டை 2 நிமிடம் 10 வினாடி என்கிறது. விழுப்புரம் வரப்போகிறது, இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன், அதற்குள் அதுவே வந்துவிடும்.